சிகிச்சை முடிந்த பிறகு தொடங்கிய அலைச்சல்

இடப்பக்க மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் ஒருவழியாக முடிந்ததும், நோய் திரும்பாமலிருக்க லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி உடம்பில் என்னென்ன மாறக்கூடும், எதற்கு யாரிடம் போக வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஊர் மாறிய பின் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. புதிய ஊரின் இதய மருத்துவர் எடுத்த எடுப்பில், கீமோவில் டாக்சோரூபிசின் என்ற மருந்தை மொத்தம் எவ்வளவு ஏற்றினார்கள் என்று கேட்டார். அந்த மருந்து இதயத் தசையைப் பலவீனப்படுத்தலாம், அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும், பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம் என்பதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ "கீமோ முடிந்தது" என்ற ஒற்றை வரிதான் இருந்தது.

அந்த அளவைக் கேட்டுப் போனபோது, பழைய மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அதான் சம்மரி கொடுத்தாச்சேம்மா, இன்னும் என்ன வேணும்?" என்றார். டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றார். அந்த டாக்டரோ வேலையை விட்டுப் போயிருந்தார். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்வதைக் குறிப்பிட்டு, மனு எழுதி, நகலில் முத்திரை கேட்டபோதுதான் நாற்காலி போடப்பட்டது. ஒவ்வொரு சுற்றிலும் மருந்து ஏற்றிய தாள், மில்லிகிராமும் செவிலியரின் கையெழுத்துமாக, டே கேர் கோப்பில் பத்திரமாக இருந்தது! கதிர்வீச்சு விவரத்தை அந்தப் பிரிவில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவில் நல்லவேளையாகப் பெரிய குறை எதுவும் இல்லை.

சிகிச்சையில் இருப்பவர்கள் மருந்துத் தாளை அன்றன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்நோயாளி ஆவணங்களை மருத்துவர்கள் மூன்று ஆண்டுகள் வரை வைத்திருந்தால் போதும் என்பதுதான் அதே விதி. லெட்ரோசோல் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும் என்பதால், தொடக்கத்திலேயே அந்த அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். இ.சி.ஜி. தாளில் எழுத்து மங்கிவிடும், உடனே ஜெராக்ஸ் எடுங்கள். லேமினேட் செய்தால் சூட்டில் முழுவதும் கறுத்துவிடும். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால், அந்தக் கையில் ஊசியும் பி.பி. பட்டையும் வேண்டாம் என்று எனக்குச் சொல்லப்பட்டதை, கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். அப்படியும் ரத்தம் எடுக்க வருபவர்கள் இடக்கையைத்தான் முதலில் பிடிக்கிறார்கள்.