நான்காக மடித்த ரசீது

இன்று காலை அறை எண்ணைச் சரியாகப் பார்க்காமல் வேறொரு நீதிமன்ற அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். (புளோரிடாவுக்கு வந்து ஆறு ஆண்டுகளாகியும் இந்தக் கட்டடம் எனக்குப் பிடிபடவில்லை.)

முன்வரிசையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், நான்காக மடித்த தாள் ஒன்றைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.

காவலர்கள் எடுத்துச் சென்ற மூன்று துப்பாக்கிகளுக்கான ரசீது அது.

மனைவி இறந்த பிறகு, இனி உயிரோடு இருக்கப் போவதில்லை என்று அவர் தொலைபேசியில் சொன்னதைக் கேட்ட மகள், காவல்துறைக்குத் தகவல் கொடுத்திருக்கிறார்.

தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவரின் துப்பாக்கிகளை நீதிமன்ற ஆணையால் தற்காலிகமாக எடுத்துவைக்கும் சட்டம் இங்கே உண்டு. இதே மாநிலத்தின் பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட அடுத்த மாதமே, 2018 மார்ச்சில் வந்த சட்டம் என்பதால், பிறரைச் சுடக்கூடியவரைத் தடுப்பதற்கே இது என்று எண்ணியிருந்தேன். தன்னைத்தானே சுட்டுக்கொள்ளக்கூடியவரையும் இது காக்கும் என்பது இன்றுதான் உறைத்தது.

இங்கே காவல்துறை மட்டுமே மனு செய்ய முடியும். தற்காலிக ஆணை பிறப்பித்தால் 14 நாட்களுக்குள் அவர் தரப்பையும் கேட்டாக வேண்டும். தெளிவான சான்று இருந்தால் மட்டுமே, துப்பாக்கி வைத்திருப்பதற்கான தடை அதிகபட்சம் 12 மாதங்களுக்கு நீளும். குற்ற வழக்கு அல்ல என்பதால் அவருக்காகப் பேச ஒரு வழக்கறிஞரை அரசு அமர்த்தித் தருவதில்லை. அது மட்டும் எனக்கு நெருடுகிறது.

ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நீதிபதி கேட்டார்.

"அதில் ஒன்று என் மாமனார் கொடுத்தது. துருப்பிடிக்காமல் வைத்திருப்பார்களா?" என்றார் பெரியவர்.

இரண்டு வரிசை பின்னால் மகள் தலையைக் குனிந்துகொண்டார்.