முளைத்த தலை வரவா, செலவா?

என் தங்கச்சிக்கு என் மேல் நம்பிக்கை போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. குடும்பத்தோடு பார்க்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, அவள் பையனை ஒரு பெரிய ஹீரோ படத்துக்கு இட்டுக்கொண்டு போனேன். இடைவேளைக்குள் நாலு தலை உருண்டது. பையன் மூணு ராத்திரி லைட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினான். அந்தக் கரண்ட் பில்லை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அதனால் 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ என்கிற ஜப்பான் அனிமேஷன் படம் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்ததும் சத்துவாச்சாரியிலிருந்து போன். “நீ மொதல்ல போய்ப் பாத்துட்டு வாண்ணா. சரிப்படும்னா அப்பறம் அவன இட்டுக்கினு போ.”

போஸ்டரில் யு/ஏ 13+. பையனுக்கு 11. பதின்மூன்றுக்குக் கீழே இருந்தால் பெற்றவர்கள் யோசித்து முடிவு பண்ண வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். வாசலில் யாரும் பிடித்து நிறுத்தமாட்டார்கள். ஜப்பானில் இதே படத்துக்கு 12 வயதுக் கணக்கு. அமெரிக்காவில் 17 ஆகவில்லை என்றால் பெரியவர் துணை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மூணு நாடு சேர்ந்து ஒரு வயசு சொல்ல முடியாததை, ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் கணக்கு எழுதுகிறவன் சொல்ல வேண்டுமாம்.

முன்கதை தெரியாமல் போனால் ஒன்றும் புரியாது என்று பையன் கிளாஸ் எடுத்தான். இதுவரை டிவி தொடராக 63 எபிசோடு. “நாயன்மாருக்கு ஒண்ணா?” என்று கேட்டாள் என் அம்மா, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. ஒரு பையன் குடும்பத்தையே அரக்கன் கொன்றுவிடுகிறான், மிஞ்சிய தங்கச்சி அரக்கியாகிவிடுகிறாள், அவள் யாரையும் கடிக்காமல் இருக்க வாயில் ஒரு மூங்கில் துண்டு.

“கன்னுக்குட்டிக்கு வாய்க்கூடை கட்டற மாதிரி” என்றாள் அம்மா. பையன் கொஞ்சம் யோசித்து, “ஆமா ஆயா” என்றான்.

இந்தப் பாகம் முழுக்க அரக்கர்கள் ராஜாவின் கோட்டைக்குள் நடக்கிறது என்றதும் அம்மாவுக்கு ஆர்வம் வந்துவிட்டது. “நம்ம வேலூருதான் ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயிலு, தண்ணி இல்லாத ஆறுன்னு பேரு வாங்கிச்சு. ராஜா இருக்கற கோட்டைய நானும் பாக்கறேனே.” (சாமி 1981-லேயே கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பேச்சு மட்டும் போகவில்லை.)

கையில் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். நாலு கட்டம் போட்டிருந்தேன்: ரத்தம், தலை, ஆபாசம், கெட்ட வார்த்தை. அம்மா கையில் ஒரு பை முறுக்கு. அரங்கு முழுக்கக் காலேஜ் பசங்கள். மேலே ஏறும் வரை எங்களையே பார்த்தார்கள்.

படம் ஆரம்பித்ததும் கொஞ்ச நேரம் நான் பேனாவையே திறக்கவில்லை. ஒருத்தி பிவா என்கிற வாத்தியத்தை ஒரு தட்டுத் தட்டுகிறாள், தரை கூரையாகிறது, கதவு இருந்த இடம் பள்ளமாகிறது. அத்தனை அறைகளும் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்து கலைந்து அடுக்கிக்கொள்கின்றன. பின்னணிக் கட்டடங்கள் கம்ப்யூட்டரில் செய்தவை, ஆட்கள் கையால் வரைந்தவர்கள். ரெண்டும் ஒட்டிய இடம் என் கண்ணுக்குச் சிக்கவே இல்லை. வேலைப்பாட்டுக்கு முழு மார்க்.

சிக்கல் தலைக் கட்டத்தில்தான். அரக்கனுக்குக் கை போனால் கை முளைக்கிறது. கழுத்தை வெட்டினால் செத்துவிடுவான் என்று பையன் சொல்லிக் கொடுத்திருந்தான். அக்காசா என்று ஒரு அரக்கன், வெட்டிய பிறகும் நிற்கிறான், தலை திரும்ப முளைக்கப் பார்க்கிறது. தாளில் போட்ட கோடு, அதை அடிப்பதா? வெட்டியது செலவு என்றால் முளைப்பதை வரவில் வைப்பதா? இருபத்தி ரெண்டு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு பதிவு நான் போட்டதில்லை.

155 நிமிஷத்தில் எனக்கு எரிச்சல் வந்த இடம் ஒன்றுதான். சண்டை உச்சத்தில் இருக்கும்போது நிறுத்திவிட்டு, அக்காசா மனுஷனாக இருந்த கதையைச் சொல்லப் போய்விடுகிறார்கள், அதுவும் நீளமாக. நான் கொட்டாவி விட்டேன். அம்மா முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்தாள்.

“கர்ண மோட்சத்துல அம்பு பட்டு வுழுந்தவன் உடனேவா செத்தான்? வுடிய வுடியப் பாடுவான்டா. சும்மா இரு.”

போளூர் பக்கத்துக்காரி. திரௌபதை அம்மன் கோயில் வாசலில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் பிடிபட்டது. அப்பாவின் மருந்துக்காகத் திருடிய சின்னப் பையன் அந்த அக்காசா. மகனுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று அந்த அப்பா தூக்கில் தொங்கிவிடுகிறார். என் நாலு கட்டத்தில் எதிலும் அதை எழுத இடமில்லை. ரத்தம் ஒரு சொட்டு இல்லை, ஆனால் மொத்தப் படத்திலும் பிள்ளைகளை நினைத்து என் வயிறு பிசைந்தது அங்கேதான். தாளில் வெறுமனே ‘அப்பா’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். இருட்டில் அது முறுக்கு எண்ணெய் மேல் விழுந்து பாதி எழுத்து காணோம்.

தங்கச்சி தாளைப் பார்த்தாள். ஆபாசம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, ரத்தக் கட்டம் முழுக்கக் கோடு. முகம் மாறியது. வக்காலத்து வாங்க அம்மா வந்தாள்.

“ஏன்டீ, பதினெட்டாம் போர் படுகளத்துல துரியோதனன் தொடைலேருந்து ரத்தத்த எடுத்து, எண்ணெயா தடவி, பாஞ்சாலி கொண்ட போடறாளே, அத எத்தினி வயசுல பாத்த?”

“அஞ்சு.”

“காய்ச்சல் வந்துச்சா?”

“உன் மடில உக்காந்துக்கினுதானே பாத்தேன்” என்றாள், சொன்னதும் தானே மாட்டிக்கொண்டவள் மாதிரி நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பையன் ஆயாவோடு போனான். அப்பா வரும் இடத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டதாக அம்மா சொன்னாள். இல்லவே இல்லை, ஆயாதான் என் கையைப் பிடிச்சாங்க என்றான் அவன். லைட்டை அணைத்துவிட்டுத்தான் தூங்கினான். அவனுக்கு ஒரே குறை, ஃப்ளாஷ்பேக் இழுவையாம். அதற்கு ஆயா அரை மணி நேரம் சண்டை போட்டாள்.

மொத்தம் மூணு பாகம், இது முதல் பாகம் என்று கேட்டபோதுதான் அவள் முகம் சுருங்கியது.

“அடுத்தது எப்போடா?”

“எப்பன்னு சொல்லல ஆயா.”

“கூத்துன்னா மறுநாள் ராத்திரியே போடுவான்” என்று முணுமுணுத்துக்கொண்டே முறுக்கு டப்பாவை மூடினாள்.