வாசலுக்கு வர வேண்டாம் என்றவர்

"தெருவுல மாத்திரை குடுக்க வர்ற பொண்ண எங்க வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க சிஸ்டர்."

எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் ஓ.பி. முடிந்து மருந்தாளுநர் ஜன்னலைச் சாத்தும் வரை காத்திருந்துதான் அந்த அக்கா இதைக் கேட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வர்றவங்க நாலு வீட்டுல விசாரிப்பாங்க. தாய்க்கு சுகர்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தாப் போதும், அடுத்த இடம் பாத்துட்டுப் போயிருவாங்க." அதோடு இன்னொன்றும் கேட்டார். மாத்திரை வாங்குகிறவர்கள் லிஸ்டில் தன் பெயருக்கு நேரே வெளியூர் போய்விட்டார் என்று எழுதிக்கொள்ள முடியுமா?

வெளியூர் என்று எழுத மாட்டேன் என்றேன். அப்படி எழுதினால் அவர் எங்கள் கணக்கிலேயே இருக்கமாட்டார். மாத்திரை நின்றாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் முதல் கோரிக்கைக்குச் சரி என்றேன். மாதாமாதம் நீங்களே இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தேன். நோயாளி தன் நோயை யாருக்குத் தெரியப்படுத்துவது என்று அவர்தானே சொல்ல வேண்டும்? இன்றைக்கு வந்து கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அப்படி நினைத்த பிறகும் மனம் அந்த மத்தியானத்துக்கே போய் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வாசலுக்குப் போய் மாத்திரை கொடுப்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அதற்கு முந்தைய காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. நூறு பேரில் ஏறத்தாழ தொண்ணூறு பேருக்கு நோய் கட்டுக்குள் இல்லை; மாத்திரை போய்ச் சேராதவர்களும், போய்ச் சேர்ந்தும் போடாதவர்களும் அதில் உண்டு. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் வீட்டுக்கே போய் மருந்து கொடுக்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. எங்களுக்குக் கிடைத்த தன்னார்வலர் மகளிர் குழுவில் இருந்து வந்தவள், அதே ஊர்க்காரி. பையில் பிரஷர் மெஷினும் சுகர் பார்க்கிற மெஷினுமாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். கூலி நாளை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கெல்லாம் மாத்திரை கிடைத்தது. இந்த அக்காவுக்கு முதன்முதலில் விரலில் குத்தி 298 என்று சொன்னதும் அவள்தான்.

ஒருவருக்கு சுகர் என்று ஊருக்குத் தெரிவதில் எவ்வளவு நன்மை இருக்கிறது என்பதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே போய் மரத்தடியில் பரிசோதனை செய்வோம். பெண்கள் ஒருவர் நம்பரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். "ஒனக்கு எவ்வளவுடி? போன மாசத்துக்கு எறங்கியிருக்கா?" இதைவிட நல்ல கவுன்சிலிங்கை என்னால் கொடுக்க முடியாது. அந்தத் தெருவிலேயே தனியாக இருக்கும் பெரியவர் ஒருவருக்கு எதிர்வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது, "தாத்தா, மாத்திரை போட்டாச்சா?" என்று குரல் கொடுத்துவிட்டுப் போகும். காலில் முள் குத்தியதை முதலில் கவனித்து எங்களிடம் கூட்டிவந்ததும் அக்கம்பக்கத்தார்தான். அவருக்கு சுகரால் உணர்ச்சி மரத்த பாதம் என்பது தெருவுக்கே தெரியும். தெரிந்ததால்தான் அந்தக் கால் இன்னும் இருக்கிறது.

ஆனால் அந்தப் பெரியவருக்குக் கட்டிக்கொடுக்க மகள் இல்லை. நூறு நாள் வேலையில் சத்தமாக நம்பர் சொல்கிற பெண்களில் பெரும்பாலோர் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து முடித்தவர்கள். இதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு அந்த மரத்தடிக்கு வராதவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன்.

எச்.ஐ.வி. உள்ளவரின் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்று 2017இல் சட்டமே போட்டார்கள். அந்த ஆலோசனை அறைக்குக் கதவு உண்டு. டி.பி. நோயாளி வீட்டுக்குப் போகும்போதும் பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழாமல் பேசப் பழகியிருக்கிறோம். சுகருக்கு மட்டும் கதவு இல்லை. யாருக்குத்தான் இல்லை, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்கிறோம். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. இத்தனை பேருக்கு இருப்பதை ஒரு குறையாக எண்ணக் கூடாது என்று நானும் கூட்டங்களில் பேசுவேன். பெண் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வந்ததில்லை.

தன்னார்வலரிடம் அந்த வீட்டை விட்டுவிடச் சொன்னபோது அவள் முகம் சுருங்கிவிட்டது. "நான் என்ன பண்ணேன் சிஸ்டர்? எனக்கு அவங்க மதினி முறை. நான் யார்கிட்டயாவது போய்ச் சொல்வேனா?" சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும். அவள் வாய் திறக்கத் தேவையில்லை, தோளில் அந்தப் பையோடு வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும் என்று விளக்கினேன். புரிந்துகொண்டாள். ஆனாலும் அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைந்தது. ஊரில் இன்னும் சிலர், அந்த வீட்டை மட்டும் இவள் ஏன் தாண்டிப் போகிறாள் என்று அவளையே கேட்டிருக்கிறார்கள். போகாத வீடும் கண்ணில் படும் என்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைத்தார். போயிருந்தேன். பந்தியில் சம்பந்தி அம்மாள் அவர் இலையில் இரண்டாவது ஜாங்கிரியை வைத்தபோது அவர் மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தெரிந்த இடமாக இருந்தால், "அவங்களுக்கு வைக்காதீங்க, சுகர் இருக்கு" என்று நாலு பேர் குறுக்கே விழுந்திருப்பார்கள்.

ஆறேழு மாதம் ஒழுங்காக வந்து சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் வாங்கிக்கொண்டிருந்தவர் கல்யாணத்துக்குப் பிறகு விட்டு விட்டு வர ஆரம்பித்தார். கேட்டால் டவுனில் மெடிக்கலில் வாங்கிக்கொண்டேன் என்பார். இருக்கலாம். சுகர் 240க்குக் கீழே வரவில்லை.

பிறகு மகள் வந்தாள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை, நல்ல கூட்டம். கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி நம்பரைச் சரிபார்த்துவிட்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனேன். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, பிரஷர் உண்டா?

"இல்ல சிஸ்டர், எங்க வீட்டுல யாருக்கும் இல்ல."

அம்மா அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். மகளுக்கே தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தெருவுக்குத் தெரியக்கூடாது என்று கேட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரே வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் மாத்திரையை ஒளித்து வைத்துப் போட்டிருக்கிறார்.

மகள் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சமயத்தில் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "நீங்களே சொல்லிருங்கக்கா. அவளுக்குத் தெரியறது நல்லது." அவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப சொல்லியிருந்தா வேற சிஸ்டர். இப்பச் சொன்னா மறைச்சுக் கட்டிவச்சதா ஆகும். எம் மேல உள்ள கோவத்த மாப்ள வீட்டுல இவகிட்டதான் காட்டுவாங்க."

அன்றைக்கு மறைக்க நான் துணை போனேன். அந்த மறைத்தல் கல்யாணம் முடிந்ததும் தீர்ந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். கல்யாணம் முடிந்த பிறகுதான் அது இன்னும் பெரிதானது.

அந்த நிமிடத்தில் நான் செய்தது இதுதான். எங்கள் பதிவேட்டில் தாய்க்குச் சர்க்கரை நோய் உண்டு என்று எழுதினேன். மகள் கையில் எடுத்துக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் போகும் அட்டையில் அந்த இடத்தை ஒன்றும் எழுதாமல் விட்டேன். பிரசவம் எங்கே நடந்தாலும் டாக்டரிடம் நான் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், வைத்தியத்துக்கு அந்த ஒரு வரி பெரிதாகத் தேவைப்படவும் இல்லை. தாய்க்கு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நாங்கள் சோதனை செய்வதில்லை. கர்ப்பிணிகள் எல்லோருக்குமே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிறோம். சென்னை டாக்டர் வி. சேஷையா வலியுறுத்திக் கொண்டுவந்த முறை அது. வெறும் வயிறாக வர வேண்டியதில்லை, ஒரே ஒரு முறை குத்தினால் போதும் என்பதால் எங்களைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரியிலும் செய்ய முடிகிறது. யாரும் எதையும் ஒப்புக்கொள்ளாமலே கண்டுபிடித்துவிடலாம். அப்படியானால் நான் அட்டையில் எழுதாததால் யாருக்கு என்ன நஷ்டம்?

அளவு 140ஐ எட்டக் கூடாது. அவளுக்கு 156 இருந்தது.

அழுதாள். "எங்க வீட்டுல யாருக்கும் இல்லியே சிஸ்டர், எனக்கு மட்டும் எப்படி வந்துச்சு? நான் என்ன சாப்புட்டேன்?" கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பதால் இப்படி வரும், நீ ஒன்றும் தப்பாகச் சாப்பிடவில்லை, பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் இறங்கிவிடும் என்று எடுத்துச் சொன்னேன். எல்லாம் உண்மைதான். பாதி உண்மை. மீதிப் பாதி அவள் பக்கத்திலேயே நின்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது. நான் சொல்லியிருந்தால் அவள் தன்மேல் பழி போட்டுக்கொள்ளாமல் இருந்திருப்பாள். ஆனால் அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? அம்மாவும் என் நோயாளிதான். மகளும் என் நோயாளிதான். ஒருவருக்குக் கொடுத்த வாக்கு இன்னொருவரின் கேள்விக்குக் குறுக்கே நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் டாக்டர் மேடம், "அந்த அம்மா சொல்லட்டும், நீங்க சொல்லாதது சரிதான்" என்றார். அவர் சொன்னதில் ஆறுதல் கிடைத்தது. தெளிவு கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் உணவு முறையில் மட்டும் பார்க்கலாம் என்று அனுப்பினோம். கேழ்வரகுக் கூழ்தான் சுகருக்கு மருந்து என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதுவும் மாவுதான், கரைத்துக் குடித்தால் சுகரை ஏற்றத்தான் செய்யும் என்று ஒவ்வொருவரிடமும் போராட வேண்டியிருக்கிறது. சோற்றைக் குறைத்து, காயும் சுண்டலும் முட்டையும் கூட்டி, மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடச் சொன்னேன். திரும்பி வந்தபோது சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் அவளுக்கு 113. "அம்மாவும் எங்கூடவே இதத்தான் சாப்புடுறாங்க சிஸ்டர். எனக்குத் துணையாம்" என்றாள்.

அந்த மாதம் அம்மாவுக்கும் இறங்கியிருந்தது. 240ஐ விட்டு நகராத சுகர் 170க்கு வந்திருந்தது. அவர் மகளிடம் சொல்லிவிட்டாரா, அல்லது மகளின் பத்தியத்துக்குள்ளேயே தன் பத்தியத்தையும் ஒளித்துக்கொண்டாரா? நான் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது என்பது ஒரு காரணம். இரண்டில் எது நடந்திருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தானே என்பது இன்னொரு காரணம். ஆனால் குழந்தையோடு அவள் புகுந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகு இந்த அக்கா தனியாக எதைச் சாப்பிடுவார், எதைச் சொல்லிச் சாப்பிடுவார் என்று நினைத்தால் அந்தச் சந்தோஷம் நிற்பதில்லை.

இதன் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். புதிதாக லிஸ்டில் சேர்க்கும் ஒவ்வொருவரிடமும், வீட்டுக்கு ஆள் வரலாமா, இங்கே வந்தே வாங்கிக்கொள்கிறீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும் என்றும் கேட்கிறேன். கேட்டது சரி என்றுதான் தோன்றுகிறது. தன்னார்வலருக்கு இதில் உடன்பாடில்லை. "நீங்க இப்படிக் கேட்டா வயசுப் பிள்ளைங்க வச்சிருக்கவங்க எல்லாம் இங்கயேன்னுதான் சொல்வாங்க. ரெண்டு மாசம் வருவாங்க. அப்புறம் நீங்களும் மறந்துருவீங்க, அவங்களும் மறந்துருவாங்க. நான் போய் நின்னாத்தான் மாத்திர உள்ள போகும்" என்றாள். அவள் சொல்வதில் பொய்யில்லை. இங்கேயே என்று சொன்னவர்களில் சிலர் இப்போது வருவதில்லை. ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ள ஆள் அனுப்ப வேண்டும். அனுப்புவதென்றால் அவளைத்தான், அந்தப் பையோடு, அதே வாசலுக்கு அனுப்ப வேண்டும்.