மூன்றாவது நிரல்

"சார், மூன்றாவது நிரல் முதல் இரண்டின் கூட்டல்தானே? அப்படியென்றால் எண்ணற்ற விடைகள் இருக்க வேண்டுமே, நமக்கு மட்டும் ஒரே விடை எப்படி வந்தது?" என்று, குழுவில் புதிதாகச் சேர்ந்தவர், வண்டித் தேவையைக் கணிக்கும் எங்கள் தரவு அட்டவணையின் நிரல்களைக் (column) காட்டிக் கேட்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதையெல்லாம் நம்பை பார்த்துக்கொள்ளும்மா, கணிப்பு சரியாக வருகிறதல்லவா" என்றேன். நம்பை (NumPy) என்பது நாங்கள் கணக்குப் போடும் மென்பொருள். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. அவர் குறிப்பேட்டை மூடி வைத்தார்.

பன்னிரண்டாம் வகுப்பில் அணிக்கோவை பூச்சியமானால் நேர்மாறு இல்லை என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். வேலைக்கு வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு நேரியல் இயற்கணிதத்தை மீண்டும் படிக்க முயன்று, தேற்றமும் நிரூபணமுமாக இருந்த இரண்டு தடித்த நூல்களை முப்பது பக்கங்களோடு கைவிட்டேன். கடைசியில் கைகொடுத்தது, தொடங்குவோருக்காக எழுதப்பட்ட ஒரு சுயகற்றல் வழிகாட்டிதான். இரண்டு சமன்பாடுகளை முதலில் வெட்டிக்கொள்ளும் இரு கோடுகளாகவும், பிறகு அவற்றையே, இரண்டு நிரல்களை எந்த அளவில் கலந்தால் வலப்பக்கத்து வெக்டர் கிடைக்கும் என்ற கேள்வியாகவும் அது வரைந்து காட்டியது. அந்த இரண்டாவது படத்தைப் பார்த்தபோதுதான், அத்தனை ஆண்டுகளும் நான் செய்துவந்த கணக்கின் பொருள் எனக்குப் பிடிபட்டது. ஆனால் நேரியல் சார்பு (ஒரு நிரலை மற்றவற்றின் கலவையாக எழுத முடிவது), தரம் (ஒன்றையொன்று சாராத நிரல்களின் எண்ணிக்கை) ஆகியவை பற்றிய அத்தியாயத்தின் தலைப்பருகே "இப்போதைக்குத் தேவையில்லை" என்று பென்சிலால் எழுதிவிட்டுத் தாண்டினேன். அந்த அச்சுப் பிரதியைத்தான் குழுவில் புதிதாகச் சேர்ந்த அவரிடம் கொடுத்திருந்தேன். அந்த அத்தியாயத்தை அவர் தாண்டவில்லை.

எங்கள் தரவில் கடை ஆர்டர், இணைய ஆர்டர், இரண்டையும் கூட்டிய மொத்த ஆர்டர் என்று மூன்று நிரல்கள் இருந்தன. கணிக்க வேண்டியது வண்டிகளின் எண்ணிக்கை. எண்களை எளிமைப்படுத்திச் சொல்கிறேன். நூறு கடை ஆர்டருக்கு 3 வண்டி, நூறு இணைய ஆர்டருக்கு 6 வண்டி என்பதே உண்மை நிலை என்று வைத்துக்கொண்டால், கெழுக்கள் (ஒவ்வொரு நிரலையும் பெருக்கும் எண்கள்) 3, 6, 0 என்றாலும், 2, 5, 1 என்றாலும், 0, 3, 3 என்றாலும் கணிப்பு ஒன்றாகவே இருக்கும். நிரல்கள் மூன்றாக இருந்தாலும் தரம் இரண்டுதான். இத்தகைய நிலையில் கணிப்புப் பிழையை மிகக் குறைக்கும் கெழுக்களைத் தேடும் நம்பையின் மீச்சிறு வர்க்கக் கட்டளை (least squares) பிழைச் செய்தி எதுவும் காட்டுவதில்லை. எண்ணற்ற விடைகளுள் கெழுக்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும் ஒன்றைத் தேர்ந்து தருகிறது. 3, 6, 0 என்பதற்கு அந்தக் கூட்டுத்தொகை 45. 0, 3, 3 என்பதற்கு 18. ஆகவே நமக்குக் கிடைப்பது 0, 3, 3.

அன்று இது எனக்குத் தெரியாது. கணிப்பு சரி என்று நான் சொன்னது பொய்யில்லை. இப்போது கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் அறிக்கையில் கெழுக்களின் அட்டவணையும் இருந்தது. அதில் கடை ஆர்டருக்கு நேரே பூச்சியத்தை ஒட்டிய எண் இருந்ததைப் பார்த்த மேலாளர், "கடைகளால் வண்டித் தேவை கூடுவதில்லை போலிருக்கிறதே" என்றார். அடுத்த மாதம் கடைகளுக்கான வண்டிகள் குறைக்கப்பட்டன. செலவைக் குறைக்கும் பேச்சு அதற்கு முன்பே இருந்துவந்ததால், எங்கள் அட்டவணைதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. காரணமில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

தாண்டியது தவறா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தாண்டாமலிருந்தால் மூன்றாவது முறையும் முப்பதாம் பக்கத்தில் நின்றிருப்பேன் என்றே தோன்றுகிறது. "எனக்கும் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்வதற்கு அந்த அத்தியாயத்தைப் படித்திருக்க வேண்டியதில்லை என்பதும் அடுத்த கணமே தோன்றுகிறது. சில வாரங்கள் கழித்து அதைப் படித்து முடித்து, 45, 18 கணக்கை அவரிடம் எழுதிக் காட்டினேன். கவனமாகக் கேட்டு, நன்றி சொன்னார். அதன் பிறகு அவர் கூட்டங்களில் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இயல்பாகவே பேச்சு குறைவானவராக அவர் இருக்கலாம்.

திங்கட்கிழமை குழுவில் இன்னொருவர் சேர்கிறார். அவருக்கும் அதே பிரதியைத்தான் கொடுக்கப் போகிறேன். சார்பு பற்றிய அத்தியாயத்தில் இருந்த பென்சில் குறிப்பை அழித்துவிட்டேன். இன்னும் இரண்டு அத்தியாயங்களில் அதே குறிப்பு இருக்கிறது; அவற்றை நான் இதுவரை படிக்கவில்லை.