நாலாவது தடவையில் பிடித்தது: கிளாரினெட் நடு ஜாயிண்டுக்குத் தக்கை

நேற்று ராத்திரி பத்து மணிக்கு மாமாவுக்குப் போன் போட்டு, "மாமா, காத்து ஒழுகலை" என்றேன். பேண்ட் செட்டில் அவர் வாசித்த கிளாரினெட் இது. அதன் துண்டுகள் ஒன்றோடொன்று பூட்டும் நடு ஜாயிண்டில், காற்று ஒழுகாமல் பிடிக்கும் தக்கை பொடிந்துபோய், கடைசி ஆறு வருஷம் நூல் சுற்றியே ஓட்டியிருக்கிறார். நூல் மட்டமில்லை, பஸூன் என்ற பெரிய மரக்குழல் வாத்தியத்தில் இன்றும் பலர் நூல்தான் சுற்றுகிறார்கள். ஆனால் தக்கை பிடிக்கிற பிடியே வேறு.

முதல் தடவை ஷீட்டே தப்பு. 'கார்க் ஷீட்' என்று ஆர்டர் போட்டால் வருவது பெரும்பாலும் நோட்டீஸ் போர்டுக்கான சரக்கு. தக்கைத் துகளைப் பசையில் குழைத்து அழுத்தியது, வளைத்ததுமே பொலபொலவென்று உதிர்ந்தது. நமக்கு வேண்டியது மரப்பட்டையிலிருந்து அப்படியே சீவிய முழு ஷீட். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், ஓட்டை தெரிந்தால் அந்த இடத்தைத் தவிருங்கள்.

இரண்டாவதும் மூன்றாவதும் சரிவில் போயின. நான்கு நாள் இந்த ஒரு சென்டிமீட்டரோடுதான் மல்லுக்கட்டினேன். ஷீட்டிலிருந்து வெட்டிய பட்டையை ஜாயிண்டில் சுற்றும்போது ஒரு முனைமேல் இன்னொன்று ஏறும். அடியில் போகிற முனையைச் சரிவாகச் சீவாவிட்டால் அங்கே திமில் எழும். என் சரிவு நாலு மில்லிமீட்டர்தான் இருந்தது. திமிலைத் தேய்க்கப் போய், பக்கத்திலும் தேய்ந்து காற்று ஒழுகியது. அடுத்த தடவை பத்து மில்லிமீட்டர் விட்டேன், ஆனால் பிளேடை மேலிருந்து அழுத்தியதில் தக்கை நசுங்கிக் கிழிந்தது. நேற்று பிளேடைத் தொடவேயில்லை. பட்டையைக் கண்ணாடி விளிம்பில் வைத்து, கட்டையில் ஒட்டிய 180 நம்பர் உப்புத்தாளால் வெளிப்பக்கமாக மட்டும் இழுத்தேன். இருபது இழுப்பில் முனை காகிதம்போல மெலிந்தது!

சரிவு மேலே பார்க்க அந்த முனையை முதலில் ஒட்டி, மறுமுனையை அதன்மேல் ஏற்ற வேண்டும். சரிவின் முகத்திலும் பசை வேண்டும். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்தேன். பிறகு உப்புத்தாளை நாடாவாக வெட்டி, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல இழுத்துத் தேய்த்தேன். ஐந்து இழுப்புக்கு ஒருமுறை பூட்டிப் பார்த்தேன். கடைசியில் பையன் கீழ்வாயை உள்ளங்கையால் அடைக்க, துளைகளை மூடிக்கொண்டு உறிஞ்சினேன். 'பொக்' என்று நின்றது!

தக்கைக்கு ஏன் இத்தனை பாடு என்று வீட்டில் கேட்டார்கள். ரப்பரை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கும், தக்கை அப்படிப் பிதுங்குவது மிகக் குறைவு. உள்ளே காற்றடைத்த நுண்ணறைகள்தான் காரணம். 1665-இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தது இந்த அறைகளுக்குத்தான். ஒரு கன அங்குலத்தில் 125 கோடிக்கு மேல் என்று கணக்கும் போட்டிருக்கிறார்.

நல்ல ஷீட்டின் விலை எனக்கு உறுத்தவில்லை. போர்ச்சுகலின் அலென்தேஜூவில் தக்கை ஓக் மரத்தில் முதல் பட்டை உரிக்கவே ஏறக்குறைய 25 வருஷம் ஆகிறது. பிறகு ஒன்பது வருஷத்துக்கு ஒருமுறைதான். பாட்டில் தக்கைக்கு ஏற்ற வழவழப்பு மூன்றாவது உரிப்பில்தான் வருமாம். கோடையில் கோடாலியால் உரித்துவிட்டு, அந்த வருஷத்தின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே பெயிண்டால் எழுதிவிடுகிறார்கள். மரத்தை வெட்டுவதில்லை, பட்டை திரும்ப வளர்கிறது. அந்த உழைப்பை நினைத்தால் துண்டைக்கூட எறிய மனசு வரவில்லை. மிச்சத்தை டப்பாவில் சேர்க்கிறேன், கிளாரினெட்டில் விரலால் அழுத்தும் சாவிகளுக்கு அடியில் சத்தம் வராமல் ஒட்ட உதவும்.

இன்னும் மூன்று ஜாயிண்ட் பாக்கி. ஊதுவாய் முனையை முதலில் எடுக்கலாம் என்றிருந்தேன், பழைய பசை எபோனைட்டில் (ஊதுவாய் செய்த கெட்டி ரப்பர்) கல்லாக இறுகிக் கிடக்கிறது. ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை. எபோனைட்டில் கீறல் விழாமல் சுரண்ட மூங்கில் சீவல் தேடிக்கொண்டிருக்கிறேன்.