ஸ்டார்ட் ஆனதும் ஆஃப் ஆகும் கார்: எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

செங்கோட்டை, புளியரை பக்கம் சாரல் தொடங்கிவிட்டால் ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகுது, உடனே ஆஃப் ஆயிடுது." பலரும் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றி எஞ்சினும் பிடித்துவிட்டதென்றால் பெரும்பாலும் குற்றவாளி பேட்டரி இல்லை. காசு செலவழிக்கும் முன் வண்டி எந்த விதத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நொடியில், கத்தரித்த மாதிரி நிற்கிறதா? டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னுகிறதா? அப்படியானால் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லையென்றால் வண்டியை ஓடவிடாத திருட்டுத் தடுப்புப் பூட்டு. வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். கொத்தில் வேறு வண்டியின் சிப் சாவி இருந்தால் கழற்றிவிடுங்கள். சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்வரை ஓடி, கையை விட்டதும் மீட்டர் விளக்குகளோடு சேர்ந்து அணைந்தால் கோளாறு சாவி திருப்பும் இக்னிஷன் சுவிட்சில்.

இந்த இரண்டும் இல்லையென்றால் லேசாக ரேஸ் கொடுத்துப் பாருங்கள். ரேஸில் ஓடுகிறது, காலை எடுத்தால் நிற்கிறது என்றால் கோளாறு காற்றுப் பக்கம். ஏர் ஹோஸைக் கழற்றி, எஞ்சினுக்குப் போகும் காற்றை ஒரு தகடு திறந்து மூடும் த்ராட்டில் பாடிக்குள் டார்ச் அடியுங்கள். தகட்டின் ஓரத்தைச் சுற்றிக் கறுப்பு வளையமாகக் கரி படிந்திருக்கும். ஐட்லிங்கில் எஞ்சின் மூச்சு விடுவதே அந்த மெல்லிய இடைவெளியில்தான். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சாவி ஆஃபில் இருக்கட்டும், தகட்டை விரலால் அழுத்தித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் பல் உடையும். துடைத்த பிறகு சில மாடல்களுக்கு ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) ஐட்லிங்கை மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும்.

அப்படியே ஹோஸ்களையும் பாருங்கள். ரப்பர் தோட்டத்தை ஒட்டி நிறுத்தும் வண்டியில் எலிக்கு ஹோஸும் ஒன்றுதான், வயரும் ஒன்றுதான். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் சென்சாரைத் தாண்டி ஓட்டை விழுந்தால் கணக்கில் வராத காற்று புகுந்து, பெட்ரோல் போதாமல் வண்டி நிற்கும். அதற்குப் பதில் காற்றுக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள சின்ன வண்டிகளில் அதே ஓட்டை பெரும்பாலும் ஐட்லிங்கை ஏற்றிவிடும். ஃப்ளோ சென்சார் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்ததும் வண்டி நிற்காமல் ஓடினால் சந்தேகம் அந்த சென்சார் மேல்தான்.

ரேஸ் கொடுத்தும் திக்கித் திணறி நின்றால் பெட்ரோல் வரவில்லை. சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். பின்சீட்டுக்கு அடியில் இரண்டு மூன்று நொடி 'ம்ம்ம்' என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, ஃபியூஸைப் பாருங்கள். அதே நம்பர் உள்ள ஹார்ன் ரிலேயை (கரண்டை விட்டு நிறுத்தும் சின்ன சுவிட்ச் பெட்டி) எடுத்து பம்ப் ரிலே இடத்தில் மாற்றிப் போடுங்கள். சத்தம் கேட்டும் நிற்கிறதென்றால் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று முறை ஆன்-ஆஃப் செய்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். முன்பைவிடக் கூடுதல் நேரம் ஓடினால் பெட்ரோல் லைனில் பிரஷர் தங்கவில்லை. சாதாரண பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பிரஷர் கேஜ் சுமார் 3 முதல் 4 பார் காட்ட வேண்டும். கேஸில் ஓட்டுகிறவர்கள் டேங்கில் பெட்ரோலை ரிசர்விலேயே வைத்திருப்பார்கள். பம்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான் என்பதால் பம்ப் சீக்கிரம் எரிந்துபோகும்.

ஆரியங்காவு மலைப்பாதை ஏறி, டீ குடித்துவிட்டு எடுத்தால் நிற்கிறது, ஆறினால் சரியாகிவிடுகிறதா? எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்தான். அதன் சிக்னல் போனால் கம்ப்யூட்டர், எஞ்சின் நின்றுவிட்டதாக நினைத்து பம்பையும் இன்ஜெக்டரையும் நிறுத்திவிடும். நிற்கும் கணத்தில் ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழும். ஸ்கேனரில் இந்த சென்சாருக்கான பி0335 என்ற கோளாறு கோட் வரலாம்.

டீசல் வண்டி என்றால் நேராக ஃபில்டருக்குப் போங்கள். அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீர் போய் சுத்த டீசல் வரும்வரை விட்டு, கை பம்பை அது கெட்டியாகும்வரை அமுக்குங்கள். கெட்டியாகவே இல்லையென்றால் டேங்கிலிருந்து வரும் லைனில் எங்கோ காற்று இழுக்கிறது.

எந்த வண்டியானாலும் ஸ்கேன் போடும் முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றாதீர்கள். பல வண்டிகளில் பதிவான கோட் அத்தனையும் அழிந்துவிடும்.