தொட்டிச் செடியிலிருந்து கோப்பைக்கு: மே மாத நாட்குறிப்பு

மே 7, 2023, ஞாயிறு

தாழ்வாரத் தொட்டியில் லிமாவ் கஸ்தூரி என்னும் குட்டி எலுமிச்சை கிளை வளையக் காய்த்திருக்கிறது. ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவுதான். பச்சையாக இருக்கையில் பறித்தால் புளிப்பு பல்லைக் கூசவைக்கும். தோலில் மஞ்சள் படரத் தொடங்கியதும் ஆரஞ்சு வாசம் கூடும், புளிப்பும் தணியும். எனக்கு வேண்டியது இந்த இரண்டாவது பருவம். ஒரு வாரம் விட்டுவைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அன்னையர் தினம். அக்கா குடும்பத்தோடு சிங்கப்பூர் தோ பாயோவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அத்தான் ஜின் அருந்துவார். அம்மாவும் அக்காவும் மதுவைத் தொடமாட்டார்கள், அக்காவின் மகள் பள்ளி மாணவி. நம் வீட்டு விருந்துகளில் மது அருந்துபவருக்குப் பனிக்கட்டி, எலுமிச்சைத் துண்டு என்று எவ்வளவோ உபசாரம் நடக்கிறது. அருந்தாதவர் கையில் ஒரு பாக்கெட் பானத்தைத் திணித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இது எனக்கு நெடுநாள் வருத்தம். இந்த முறை எல்லோருக்கும் ஒரே பானம். ஜின் இல்லாமலே அது சுவையாக இருக்க வேண்டும். வேண்டியவர் கோப்பையில் மட்டும் ஜின் சேரட்டும்.

மே 9, செவ்வாய்

காலையில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் சங்குப்பூ பறித்தேன். வேலியோரக் கொடியைப் பராமரிக்கும் மக்சிக் (மலாய் அத்தை), பனி உலர்வதற்குள் பறிக்கச் சொன்னார். இந்தப் பூவை ஊறவைத்த நீரில்தான் அவர் சோற்றுக்கும் குவே என்னும் மலாய்ப் பலகாரத்துக்கும் நிறமூட்டுகிறார். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியிராவிட்டால், மாடிவீட்டுக்காரனான எனக்கு இப்படி ஒரு வேலியோரம் எங்கே கிடைத்திருக்கும்?

புதினா வீட்டிலேயே இருக்கிறது. தேக்கா சந்தையில் வாங்கிய புதினாக் கட்டிலிருந்து நல்ல தண்டுகளாகப் பார்த்து நீரில் நிறுத்தினேன். வேர் விட்டதும் தொட்டிக்கு மாற்றினேன். நண்பகல் வெயில் படாத மூலையில் வைத்தால் தழைக்கிறது. தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதில்லை. தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

மே 11, வியாழன்

பாகு காய்ச்சினேன். 200 கிராம் சர்க்கரை, 200 மி.லி. தண்ணீர், வாசனைக்கு முடிச்சிட்ட பாண்டான் இலை இரண்டு. சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, இலையோடு மூடி ஆறவிட வேண்டும். புதினாவை இதில் போட்டுக் காய்ச்சவே கூடாது. நிறம் கறுத்து, வேகவைத்த கீரையின் வாசம் வந்துவிடும்.

மே 12, வெள்ளி

கடைகளில் இரவு 10.30 மணிக்குமேல் மது விற்கக்கூடாது என்பது 2015இல் வந்த சட்டம். வேலை முடிந்த கையோடு ஜின் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வழியெல்லாம் சிங்கப்பூர் ஸ்லிங்தான் நினைவில் ஓடியது. ராஃபிள்ஸ் ஹோட்டலில் நியாம் தோங் பூன் 1915இல் உருவாக்கியதாகச் சொல்லப்படும் பானம் அது. பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவதை ஊர் ஏற்காத காலத்தில், பழச்சாறு போலத் தோன்றட்டும் என்று இளஞ்சிவப்பாகக் கலந்தாராம். மதுவைப் பழச்சாறாக மறைத்த அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மெச்சலாம். ஆனால் என் வீட்டில் யாருக்கும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. பழத்துக்கே முதல் மரியாதை கிடைத்தால் போதும்.

ஜின் ஒரு பானத்துக்கு எதைத் தருகிறது என்று யோசித்தேன். தொண்டையில் ஒரு சூடு, மூக்கில் மூலிகை வாசம், நாக்கின் பின்புறம் மெல்லிய கசப்பு. மூன்றுக்கும் மாற்று உண்டு. சூட்டுக்கு இஞ்சிச் சாறு. வாசத்துக்குக் கஸ்தூரித் தோலிலிருந்து தெறிக்கும் எண்ணெய். கசப்புக்கு, சோடாவின் இடத்தில் கொயினா சேர்ந்த டானிக் நீர். இரவு ஒரு கோப்பை கலந்து குடித்துப் பார்த்தேன். பழச்சாறு குடித்ததுபோல இல்லை. நிதானமாக, மிடறு மிடறாக அருந்தத் தோன்றியது. அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

மே 13, சனி

அங் மோ கியோவில் 37 டிகிரி! 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான, சிங்கப்பூரின் உச்ச வெப்பத்தை நாற்பது ஆண்டுகள் கழித்து இன்றைய வெயில் எட்டியிருக்கிறது. புதினா துவண்டுவிட்டது, மாலையில் நீர் ஊற்றியதும் நிமிர்ந்தது. பனிக்கட்டியைப் பெரிய கட்டிகளாக உறைய வைத்திருக்கிறேன். சின்னக் கட்டிகள் இந்த வெயிலில் சட்டென்று கரைந்து பானத்தை நீர்த்துவிடும்.

மே 14, ஞாயிறு

ஒரு கோப்பைக்கு ஐந்தாறு பழம் பிழிந்தால் 25 மி.லி. சாறு வருகிறது. வடிகட்டிவிட வேண்டும், விதை ஊறினால் கசக்கும். பாகு 20 மி.லி., இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. புதினாவை நசுக்கக் கூடாது. உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டினால் வாசம் எழும். பிறகு பனிக்கட்டி, அதன்மேல் டானிக். அத்தான் கோப்பையில் மட்டும் 45 மி.லி. ஜின், டானிக்குக்குப் பதில் சோடா. அவருடையதில் புதினாத் தண்டும் மற்றவற்றில் தோல் சுருளும் செருகினேன். பிள்ளை இருக்கும் வீட்டில் கோப்பை மாறிவிடக் கூடாது.

கடைசியாகச் சங்குப்பூ நீரைக் கரண்டியின் பின்புறத்தில் வழியவிட்டு மெதுவாக ஊற்றினேன். பூவுக்குச் சுவை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, நிறம்தான் அதன் கொடை. மேலே ஆழ்ந்த நீலம் தங்கியது. புளிப்பைத் தொட்ட இடத்தில் ஊதா நூல் நூலாக இறங்கி, பனிக்கட்டியைச் சுற்றி வளைந்து, அடியில் இளஞ்சிவப்பாக வெளுத்தது. பூவிலுள்ள ஆந்தோசயனின் அமிலத்தில் நிறம் மாறுகிறது என்று அக்கா மகள் பாட்டிக்கு விளக்கினாள். பள்ளி ஆய்வகத்தில் செய்து பார்த்தாளாம்.

அம்மா கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். “இஞ்சி இன்னும் கொஞ்சம் தாங்கும், தம்பி. இனிப்பைக் குறை,” என்றார். அவர் சொன்னது சரிதான். அடுத்த கோப்பையில் பாகை 15 மி.லி. ஆக்கி, இஞ்சியைக் கூட்டினேன். அத்தானும் தமக்கு அதே அளவில் கலக்கச் சொன்னார்.